மாசக்கணக்கா நின்ன கிளாசிக் 350: சோக் போட்டா ஓடுது, எடுத்தா ஆஃப் ஆகுது

கடலோடி (நாகப்பட்டினம்)

வணக்கம் மக்களே. வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2016 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கற பாகம்) வண்டி. நான் கப்பல்ல மோட்டார்மேன். ஒன்பது மாச கான்ட்ராக்ட் முடிஞ்சு போன வாரம்தான் ஊருக்கு வந்தேன். வண்டி போர்டிகோவுல தார்ப்பாய்க்குள்ள நின்னுச்சு. டேங்க்ல கால்வாசி பெட்ரோல். அப்பா ஆரம்பத்துல வாராவாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கார். அப்புறம் பேட்டரி இறங்கி செல்ஃப் எடுக்கல. அவருக்கு முட்டி வலி, கிக்கர் உதைக்க முடியாது, அதோட விட்டுட்டார்.

பழைய பேட்டரி சார்ஜே ஏறல, புதுசு போட்டாச்சு. இப்ப சோக் போட்டா ஸ்டார்ட் ஆகுது. சோக்கை எடுத்த உடனே ஆஃப். ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிச்சா நிக்குது, விட்டா மறுபடி ஆஃப். நடுநடுவுல சைலன்சர்ல டப் டப்னு வெடிக்குது. முன் வீலும் தள்ளும்போது லேசா பிடிக்குது.

இங்க ஒரு கடையில காட்டினேன். வண்டியைத் தொடாமலேயே "போர் (சிலிண்டர் உள்சுவர்) போயிருக்கும், இல்லைன்னா கார்புரேட்டரே மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. ரெண்டு மாடி உயர எஞ்சினைப் பார்க்கறவன் நான், உள்ளங்கையில அடங்குற கார்புரேட்டர் ஆட்டம் காட்டுது. பணம் செலவு பண்றதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

ஆர்எக்ஸ்_வெறியன் (மதுரை)

ண்ணே, யமஹா ஆர்எக்ஸ்100 வாங்கியிருந்தா இந்தப் பஞ்சாயத்தே இல்ல. 98 சிசி, ரெண்டு உதை, வானத்துக்கும் பூமிக்கும் புகை, கிளம்பிரும் :)

சரி, விளையாட்டு போதும். பழைய பெட்ரோலை மொத்தமா இறக்கிட்டு புதுசு ஊத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

பட்டறை_அண்ணன் (திருச்சி)

தம்பி கடலோடி, கார்புரேட்டரை மாத்தவும் வேணாம், போரைப் பிரிக்கவும் வேணாம். நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு.

போர் போன வண்டி கிக்கர்ல தெரிஞ்சுடும். காலை வச்சு மெதுவா அமுக்குங்க. ஒரு இடத்துல நல்லா எதிர்த்து நின்னா கம்ப்ரஷன் இருக்கு. நின்ன இடத்துலயே போர் தேயாது. ஓடாம இருந்தா துரு பிடிக்கும், ரிங் ஒட்டும், அவ்வளவுதான். அப்படி ஒட்டியிருந்தா உங்களுக்கு சோக்ல கூட ஸ்டார்ட் ஆகியிருக்காது.

இப்ப சோக் விஷயம். இந்த வண்டியில சோக்னா காத்தை மூடுற தகடுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பழைய கார்புரேட்டர் பலதுல அப்படி. கிளாசிக்ல இருக்கறது சி.வி. கார்புரேட்டர், எஞ்சின் இழுப்பே உள்ள இருக்கற ஸ்லைடைத் தூக்குற வகை. இதுல சோக் லிவரை இழுத்தா பெட்ரோல் வர்றதுக்குத் தனியா இன்னொரு பாதை திறக்கும். அப்ப சோக்ல ஓடுதுன்னா என்ன அர்த்தம்? கரண்ட் இருக்கு, கம்ப்ரஷன் இருக்கு, அந்தத் தனிப் பாதை வழியா பெட்ரோல் போகுது. சோக்கை எடுத்தா ஸ்லோவுல பெட்ரோல் கொடுக்க வேண்டியது பைலட் ஜெட், பொடி ஓட்டை வச்ச பித்தளைத் துண்டு. அது கொடுக்கல. ஆக்சிலேட்டரைத் திறந்தா மெயின் ஜெட் வேலைக்கு வருது, அதனால நிக்குது. ஓட்டையிலேயே ரொம்பச் சின்னது பைலட் ஜெட்தான், அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. அடைப்பு எப்பவும் அங்கதான் முதல்ல. சைலன்சர் வெடிக்கிறதும் பெட்ரோல் பத்தாத கோளாறுதான்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. கார்புரேட்டர் அடியில கிண்ணம் மாதிரி இருக்கும், அதுல ஒரு டிரெய்ன் ஸ்க்ரூ. பெட்ரோல் டேப்பை மூடிட்டு, அந்த ஸ்க்ரூவைத் தளர்த்தி வர்றதைக் கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. கால் மணி நேரம் அசைக்காம வச்சுட்டு கலர், வாசனை, அடியில என்ன நிக்குதுன்னு சொல்லுங்க. பிளக் ரெண்டையும் கழட்டிப் பாருங்க. இது ட்வின்ஸ்பார்க், ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல ஓடி ஏமாத்தும்.

மின்னல்வயர் (கோயம்புத்தூர்)

அண்ணன் சொன்னதோட ஒண்ணு. புது பேட்டரி போட்டதால சார்ஜிங் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்லை. மீட்டர் இருந்தா வண்டி ஆஃப்ல பேட்டரி முனையில வைங்க, 12.6 வோல்ட்டுக்கு மேல காட்டணும். வண்டியை ரேஸ் பண்ணிப் பிடிச்சா 13.8ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும். 13ஐத் தாண்டலன்னா புது பேட்டரியும் சீக்கிரம் படுத்துடும். நாகப்பட்டினம் உப்புக்காத்துல கனெக்டர் எல்லாம் பச்சை பூத்திருக்கும். சார்ஜிங்கைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரோட கப்ளரைக் கழட்டிப் பாருங்க.

வேதியியல்_வாத்தியார் (ஈரோடு)

பெட்ரோல் ஏன் கெட்டுப்போகிறது என்று சொன்னால் எதைச் சுத்தம் செய்கிறோம் என்பது புரியும்.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிதான் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உதவுகிறது. நின்றுகொண்டே இருந்தால் அந்தப் பகுதி முதலில் பறந்துவிடும். மிச்சமிருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகும். டேங்கில் பல லிட்டர் இருப்பதால் இது தாமதமாக நடக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதோ கொஞ்சம், அதற்குக் காற்று வழியும் திறந்தே இருக்கிறது. அங்கே சில வாரங்களிலேயே வற்றி, அடியில் பழுப்பு மெழுகு போலப் படியும்.

எத்தனால் கலந்திருப்பதால் இன்னொரு சிக்கல். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓர் அளவு வரை நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். கடலோர ஊரில், டேங்க் முக்கால்வாசி காலியாக இருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம்.

மஞ்சநோட்டீஸ் (சேலம்)

எல்லாம் இந்த ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்ததுல இருந்துதான். முன்னாடி வருஷக்கணக்கா நின்ன வண்டி கூட ஒரே உதையில கிளம்பும். இப்ப ஒரு மாசம் விட்டா போச்சு.

வேதியியல்_வாத்தியார் (ஈரோடு)

பாதி சரி. ஈ20 பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது 2023 பிப்ரவரியில். 2016 வண்டி அதை எண்ணிச் செய்யப்பட்டதல்ல, ரப்பர் பாகங்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பிசின் பிடிப்பது எத்தனால் இல்லாத காலத்திலும் நடந்ததுதான். எல்லாப் பழியையும் ஒன்றின் மேல் போட்டால் சுத்தம் செய்ய வேண்டிய ஜெட் அப்படியே கிடக்கும்.

ஆர்எக்ஸ்_வெறியன் (மதுரை)

வருஷக்கணக்கா நின்ன வண்டி ஒரே உதையில கிளம்பினதை நானும் பார்த்திருக்கேன். சினிமால.

கடலோடி (நாகப்பட்டினம்)

அண்ணே, பாட்டில்ல பிடிச்சேன். கட்டஞ்சாயா கலர். பெட்ரோல் வாசனையே இல்ல, வார்னிஷ் வாசனை. பாட்டில் அடியில ரெண்டு மூணு முத்து உருண்டுக்கிட்டு இருக்கு, சாய்ச்சா தனியா ஓடுது. தண்ணிதான். கூட செம்மண் மாதிரி கொஞ்சம் துரு.

பிளக் ரெண்டும் கரி பிடிச்சு கறுப்பா இருக்கு. பித்தளை பிரஷ் போட்டுத் தேய்ச்சு, எஞ்சின் மேல வச்சு உதைச்சுப் பார்த்தேன், ரெண்டுலயும் கரண்ட் நீலமா அடிக்குது. கம்ப்ரஷன் நல்லாவே எதிர்க்குது. சார்ஜிங் 14.1 காட்டுது. கனெக்டர்ல மின்னல்வயர் சொன்ன மாதிரியே பச்சை, துடைச்சாச்சு.

அப்பா பக்கத்துல நின்னு பார்த்துட்டு ஒரே கேள்வி: "வாராவாரம் ஸ்டார்ட் பண்ணித்தானே வச்சேன், அப்புறம் எப்படிடா?" என்ன பதில் சொல்றது?

மின்னல்வயர் (கோயம்புத்தூர்)

அப்பாவைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஊரே அப்படித்தான் செய்யுது. ஆனா அந்த அஞ்சு நிமிஷ ஸ்டார்ட்டால லாபத்தை விட நஷ்டம் அதிகம். ஒரு தடவை செல்ஃப் அடிச்சா பேட்டரி எக்கச்சக்கமா இழுத்துக் கொடுக்குது. ஸ்லோவுல அஞ்சு நிமிஷம் ஓடினா, அதுலயும் ஹெட்லைட் எரிஞ்சா, எடுத்தது திரும்ப ஏறாது. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா பள்ளம் தோண்டின கணக்கு. லெட்-ஆசிட் பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழ இறங்கி மாசக்கணக்கா கிடந்தா தகட்டுல சல்ஃபேட் இறுகிடும். அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. உங்க பழைய பேட்டரி போனது அப்படித்தான்.

பட்டறை_அண்ணன் (திருச்சி)

எஞ்சின் பக்கமும் சொல்லிடறேன். பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவி வரும். வண்டி நல்லா சூடேறி ஓடினா அது வெளிய போயிடும். அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்ணினா சைலன்சருக்குள்ளயும் ஆயில்லயும் ஈரமா தங்கிடும். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போறதும், சைலன்சர் உள்ளேயிருந்து துருப்பிடிச்சு ஓட்டையாகறதும் இதனாலதான்.

மஞ்சநோட்டீஸ் (சேலம்)

ஒத்துக்க முடியாது. எங்க தாத்தா புல்லட்டை வாராவாரம் ஸ்டார்ட் பண்ணித்தான் வச்சிருந்தார், கடைசி வரைக்கும் ஓடுச்சு.

பட்டறை_அண்ணன் (திருச்சி)

தாத்தா ஸ்டார்ட் பண்ணிட்டு நிறுத்திட்டாரா, இல்ல ஏறி கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வந்தாரா?

மஞ்சநோட்டீஸ் (சேலம்)

சந்தைக்குப் போவார்.

பட்டறை_அண்ணன் (திருச்சி)

அதான் விஷயம். சந்தைக்குப் போய்ட்டு வந்தா வண்டி அரை மணி நேரம் ஓடியிருக்கும். பேட்டரி ஏறும், ஈரம் போகும், கிண்ணத்துல புது பெட்ரோல் வரும். ஓட்டினா அப்படி ஓட்டணும், முடியலைன்னா தொடவே கூடாது.

இப்ப கார்புரேட்டர். கடலோடி, நீங்களே செய்யலாம், எஞ்சின் கை உங்களுக்கு இருக்கு. பொறுமையா படிங்க.

டேங்க்ல இருக்கறதை மொத்தமா இறக்கிடுங்க. அதை எங்கயும் கலக்காதீங்க, சாக்கடையிலயும் ஊத்தாதீங்க. கிளாம்ப் ரெண்டையும் தளர்த்தி கார்புரேட்டரை வெளிய எடுங்க. ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள் எந்தப் பக்கம் போகுதுன்னு போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கங்க.

மேல் மூடியைத் திறந்தா ஸ்ப்ரிங் இருக்கும், அதுக்கு அடியில கறுப்பு ரப்பர் டயாஃப்ரம், அதோட ஸ்லைடும் நீடிலும் வரும். முதல் வேலையா அதைத் தனியா ஒரு துணியில வச்சிடுங்க. கார்ப் கிளீனர் ஸ்பிரே அது மேல பட்டா ரப்பர் உப்பிடும், அப்புறம் பள்ளத்துல உட்காராது. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் ஸ்லைடு தூக்காது, பிக்கப் வராது. ஓ-ரிங் எல்லாத்தையும் கூடவே கழட்டிடணும்.

அடிக் கிண்ணத்தைக் கழட்டினா மிதவை தெரியும். அதோட பின்னை எடுத்தா மிதவையும் அதுல தொங்குற ஊசியும் வரும். ஊசியோட ரப்பர் முனையில பள்ளம் விழுந்திருந்தா புதுசு போடுங்க, இல்லைன்னா ஓவர்ஃப்ளோ ஆகும். நடுவுல பெருசா இருக்கறது மெயின் ஜெட். பக்கத்துல குழிக்குள்ள இருக்கறது பைலட் ஜெட். பித்தளைச் சாமான், பதமா போகும். பொருத்தமான ஸ்க்ரூ டிரைவரை நேரா வச்சு அமுக்கித் திருப்புங்க. நழுவி வாய் பிஞ்சா வெளிய எடுக்கறது பெரும்பாடு.

பைலட் ஜெட்டை வானத்தைப் பார்த்துப் பிடிங்க. வட்டமா வெளிச்சம் தெரியணும். தெரியலன்னா கார்ப் கிளீனர்ல ஊறப் போட்டு, பழைய ஒயர்ல இருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி உள்ள விட்டு எடுங்க. ஊக்கு, தையல் ஊசி, கம்பி எதுவும் விடக்கூடாது. இரும்பு பட்டா ஓட்டை அகலமாயிடும், வண்டி காலத்துக்கும் பெட்ரோல் குடிக்கும். ஜெட் மட்டும் சுத்தம் பண்ணா பத்தாது. ஜெட் உட்கார்ந்த துவாரத்துல ஸ்பிரே அடிச்சா, எஞ்சின் பக்கம் பட்டாம்பூச்சித் தகடு கிட்ட இருக்கற பொடி ஓட்டைகள் வழியா பீச்சணும். அங்க வரலன்னா உள்வழி இன்னும் அடைச்சிருக்கு. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கங்க, ஸ்பிரே எந்த ஓட்டையிலேருந்து எந்தப் பக்கம் பாயும்னு சொல்ல முடியாது.

எஞ்சின் பக்கம் மிக்சர் ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழட்டறதுக்கு முன்னாடி உள்பக்கமா மெதுவா திருப்பி எத்தனை சுத்துல உட்காருதுன்னு எண்ணி எழுதி வைங்க. திரும்பப் போடும்போது அதே எண்ணிக்கை. அமுக்கி இறுக்கினா முனை உடைஞ்சு உள்ள மாட்டிக்கும்.

பொன்னிநதி (தஞ்சாவூர்)

அண்ணா, ஸ்பிரே இல்லைன்னா மண்ணெண்ணெய், தின்னர் எதுலயாவது ஊறப் போடலாமா? எங்க ஊர் கடையில அப்படித்தான் செய்றாங்க.

பட்டறை_அண்ணன் (திருச்சி)

ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் இல்லாம வெறும் உலோகத்தை தின்னர்ல போடலாம். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்கும், காய்ஞ்ச பிசினை அசைக்காது. எதுல போட்டாலும் கடைசியில காத்து அடிச்சு ஊதணும். பஞ்சர் கடையில பிடிச்சாலே போதும்.

கடலோடி (நாகப்பட்டினம்)

ராத்திரி முற்றத்துல உட்கார்ந்து பிரிச்சேன். அண்ணே, பைலட் ஜெட்ல வெளிச்சமே இல்ல. வாய்ல பச்சையா பாசி மாதிரி ஒண்ணு அடைச்சிருந்துச்சு. ஊறப் போட்டு, செம்பு இழை விட்டு, திரும்ப ஊறப் போட்டு, கடைசியில விளக்குக்கு நேரா பிடிச்சா குண்டூசி முனை அளவு வட்டம் பளிச்னு தெரிஞ்சுது. கிண்ணம் முழுக்க பழுப்புப் படலம், நகத்தால சுரண்டினா சீவல் சீவலா வருது. டயாஃப்ரம் நல்லா இருக்கு. கிண்ணத்தோட ரப்பர் கேஸ்கெட் மட்டும் உப்பிப் போச்சு, புதுசு போட்டேன்.

காலையில புது பெட்ரோல் ஊத்தி உதைச்சேன். சோக்ல பிடிச்சுது. கொஞ்சம் சூடேறினதும் சோக்கை எடுத்தேன், நின்னுச்சு! ஸ்லோவுல தம் தம்னு ஒழுங்கா ஓடுது. முதல்ல மேல டக் டக்னு டேப்பெட் சத்தம் வந்துச்சு, கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு.

ஆனா புதுத் தலைவலி. வேளாங்கண்ணி ரோட்டுல போனேன். நல்லா போய்க்கிட்டு இருந்த வண்டி பாதி வழியில இழுவை குறைஞ்சு, திக்கித் திக்கி ஆஃப். கொஞ்ச நேரம் நிறுத்திட்டு உதைச்சா கிளம்புது. திரும்ப அதே தூரம், திரும்ப ஆஃப்.

மின்னல்வயர் (கோயம்புத்தூர்)

சூடானா நிக்குது, ஆறினா ஓடுதுன்னா பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கற இக்னிஷன் காயில் மேல சந்தேகம் வரும். ஆஃப் ஆன உடனே அதே இடத்துல பிளக்கைக் கழட்டி கரண்ட் பாருங்க. வீட்டுக்கு வந்து ஆறினப்புறம் பார்த்தா காயில் நல்ல பிள்ளையா நடிக்கும். ஒரு கிளவுஸ் எடுத்துட்டுப் போங்க, பிளக் கொதிக்கும்.

ஆர்எக்ஸ்_வெறியன் (மதுரை)

ண்ணே, காயில்னா பட்டுனு அணையும். திக்கித் திக்கி, இழுவை குறைஞ்சு அணைஞ்சா அது பெட்ரோல் பசி. அடுத்த தடவை நின்னதும் உதைக்காதீங்க. டேங்க் மூடியைத் திறங்க, காதைக் கிட்ட வைங்க.

பட்டறை_அண்ணன் (திருச்சி)

வெறியன் சொன்னதை முதல்ல செய்ங்க, செலவே இல்லாத சோதனை. மூடியில பொடிசா ஒரு காத்து வழி இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அது வழியா காத்து உள்ள போகணும். அது அடைச்சா டேங்க்குக்குள்ள இழுப்பு உண்டாகி பெட்ரோல் இறங்காது. கொஞ்ச நேரம் நின்னா மெல்லமா கசிஞ்சு கிண்ணம் நிறையும், திரும்பக் கிளம்பும். காயில் மாத்தி, சிடிஐ (இக்னிஷன் பெட்டி) மாத்தி, கடைசியில மூடியைத் திறந்து சிரிச்சவங்க எத்தனையோ பேர் பட்டறைக்கு வந்திருக்காங்க.

சத்தம் எதுவும் வரலன்னா கார்புரேட்டருக்கு வர்ற ஹோஸைக் கழட்டி பாட்டில்ல விடுங்க. தாரையா வரணும். சொட்டு சொட்டா வந்தா டேப்புக்குள்ள இருக்கற வலையில துரு.

கடலோடி (நாகப்பட்டினம்)

வெறியன் தம்பி, மதுரைக்கு வந்தா ஜிகர்தண்டா என் செலவு. ரோட்டோரம் நின்னுச்சு, மூடியைத் திருகினதும் "உஸ்ஸ்ஸ்"னு காத்தை இழுத்துச்சு, பக்கத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த அம்மாவே திரும்பிப் பார்த்தாங்க. உடனே உதைச்சேன், ஒரே உதை.

மூடியைக் கழட்டிப் பார்த்தா காத்து வழியில உப்பும் துருவும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கு. வெந்நீர்ல ஊறப் போட்டு, காய வச்சு, ஊதித் திறந்துட்டேன். கையோட டேப்பையும் கழட்டினேன், வலையில பாதிக்கு மேல செம்மண் நிறத் துரு. இப்ப வேளாங்கண்ணி போய் திரும்பி வந்தாச்சு, ஒரு தடவை கூட நிக்கல.

பொன்னிநதி (தஞ்சாவூர்)

அப்ப டேங்க்குக்குள்ள துரு இருக்குதானே? வலையைக் கழுவினா திரும்ப அடைக்காதா?

பட்டறை_அண்ணன் (திருச்சி)

அடைக்கும். டார்ச் அடிச்சு டேங்க் உள்ள பாருங்க. மேல் பக்கம் லேசா சிவந்திருந்தா ஹோஸ்ல ஒரு ஃபில்டர் போட்டுட்டு, கொஞ்ச நாளைக்கு ஒரு தடவை பாருங்க, போதும். செதில் செதிலா உரிஞ்சா டேங்க்கை இறக்கி, வெள்ளை வினிகர் நிரப்பி ஒரு நாள் ஊற வச்சு, சோடா உப்புத் தண்ணியில கழுவி, உடனே காய வைக்கணும். கழுவிட்டு ஈரமா விட்டா மறுநாளே புதுத் துரு வரும். காய்ஞ்சதும் கொஞ்சம் ஆயிலோ பெட்ரோலோ ஊத்தி எல்லாப் பக்கமும் ஆட்டி விடுங்க. ஜல்லி, நட்டு போட்டுக் குலுக்கறதை நான் செய்ய மாட்டேன், மெல்லிசான இடம் ஓட்டையாயிடும்.

டேப்பெட் சத்தம் கேட்டதைப் பத்தி: இது ஹைட்ராலிக் டேப்பெட், ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுது. நின்ன வண்டியில ஆயில் வடிஞ்சிருக்கும், ஏறினதும் அடங்கும். அடங்காம இருந்தாத்தான் பார்க்கணும். ஆயில், ஃபில்டர் ரெண்டையும் இப்பவே மாத்திடுங்க, ஆயில் 15டபிள்யூ50 கிரேடு. கிலோமீட்டர் ஓடலையேன்னு பார்க்காதீங்க.

அப்புறம், முன் வீல் பிடிக்குதுன்னு முதல் பதிவுலயே சொன்னீங்க. அதை விட்டுட்டு வேளாங்கண்ணி வரைக்கும் போய்ட்டு வந்திருக்கீங்க. வண்டி ஓடின சந்தோஷத்துல எல்லாரும் மறக்கறது பிரேக்கைத்தான். வீலைத் தூக்கிச் சுத்துங்க, எத்தனை சுத்துல நிக்குதுன்னு பாருங்க. காலிப்பரைக் கழட்டி பேடை எடுத்துட்டு, லிவரை மெதுவா அமுக்கினா பிஸ்டன் வெளிய வரணும், முழுசா வெளிய வர விடாதீங்க. கையால தள்ளினா உள்ள போகணும். உப்புக்காத்துல பிஸ்டன் விளிம்புல வெள்ளையா பூக்கும், அதான் திரும்பிப் போகாம பிடிச்சுக்கும். பிரேக் ஆயில்ல துடைச்சுச் சுத்தம் பண்ணுங்க. பெட்ரோலும் படக்கூடாது, துரு எடுக்கற ஸ்பிரேயும் படக்கூடாது. டிஸ்க்லயோ பேட்லயோ எண்ணெய் பட்டா பிரேக்கே இல்ல. பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். எந்த வகைன்னு மூடி மேலேயே டாட் 4ன்னு போட்டிருக்கும். சீல் கடினமா இருந்தா பட்டறைக்குக் கொண்டு போங்க, இதுல சிக்கனம் வேணாம்.

கடலோடி (நாகப்பட்டினம்)

பார்த்தேன், நீங்க சொன்ன வெள்ளைப் பூ அப்படியே இருந்துச்சு. ரெண்டு பிஸ்டன்ல ஒண்ணு அசையவே இல்ல. சீல் கிட் வாங்கித் தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுத்து மாத்தியாச்சு. வீல் இப்ப சும்மா சுத்துது. டயர்ல காத்து வெகுவா இறங்கி இருந்துச்சு, அடிச்சாச்சு. பக்கவாட்டுல பொடி வெடிப்பு இருக்கு. டயர்ல கடைசி நாலு எண் 1416. 2016ஆம் வருஷம் 14ஆவது வாரம், சரிதானே? அப்ப வண்டியோட வந்த டயர்.

மின்னல்வயர் (கோயம்புத்தூர்)

சரிதான். பட்டன் தேயலைன்னு வச்சிருக்காதீங்க. வெடிச்ச ரப்பரை மழையில நம்ப முடியாது. மாத்துங்க.

ஸ்கூட்டர்_அக்கா (சென்னை)

நடுவுல புகுந்து கேட்கறதுக்கு மன்னிக்கணும். என்னோடது பி.எஸ்.6 ஸ்கூட்டர், எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதிலா இஞ்செக்டர் பெட்ரோல் பீச்சுற வண்டி). வேலை விஷயமா பெங்களூரு போய்ட்டு அஞ்சாறு மாசம் கழிச்சு வந்தேன். செல்ஃப் போட்டா டிக் டிக்னு மட்டும் சத்தம். கிக்கர் உதைச்சும் வரல. எனக்கும் ஜெட்தானா?

மின்னல்வயர் (கோயம்புத்தூர்)

அக்கா, உங்க வண்டியில ஜெட்டே கிடையாது. டிக் டிக்னா பேட்டரி இறங்கியிருக்கு. எஃப்.ஐ. வண்டியில பெட்ரோல் பம்ப், இஞ்செக்டர், ஈ.சி.யு. (வண்டியோட கம்ப்யூட்டர்) மூணுக்கும் கரண்ட் வேணும். பேட்டரி அடியோட செத்திருந்தா கிக்கரை எவ்வளவு உதைச்சாலும் கால் வலிதான் மிச்சம். பேட்டரியைக் கழட்டி சார்ஜுக்குக் கொடுங்க. பேட்டரி மேல போட்டிருக்கற ஆம்பியர்-அவர் (ஏ.எச்.) அளவுல பத்துல ஒரு பங்கு கரண்ட்ல, மெதுவா. சீக்கிரம் ஏத்தித் தர்றேன்னு சொல்ற கடை வேணாம். சார்ஜ் ஆனதும் சாவியைப் போட்டு காதைக் கொடுத்துக் கேளுங்க, சீட்டுப் பக்கம் "ஜ்ஜ்"னு சின்னதா பம்ப் சத்தம் வந்து நிக்கணும். வந்தா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. அப்படியே ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்க, சென்னை பார்க்கிங்ல எலி குடும்பம் நடத்தியிருக்கும்.

ஸ்கூட்டர்_அக்கா (சென்னை)

ஐயோ, எலி நிஜமாவே இருந்திருக்கு. ஃபில்டர் பேப்பரைப் பாதி கடிச்சுப் போட்டு பஞ்சு மெத்தை. நல்ல வேளை ஒயர் தப்பிச்சுது. பேட்டரி சார்ஜ் ஏறி வண்டி கிளம்பிடுச்சு, நன்றி.

வேதியியல்_வாத்தியார் (ஈரோடு)

ரோட்டில் இறக்கும் முன் இருவரும் இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது காலாவதியானது யாருக்கும் நினைவிருக்காது. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவைக்கு அபராதம் 2,000 ரூபாய். அதைவிடப் பெரியது விபத்து நடந்தால் வரும் வழக்கு. காலாவதியாகி 90 நாள் தாண்டிவிட்டால் இத்தனை வருடம் சேர்த்த நோ கிளைம் போனஸும் (கிளைம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) போய்விடும்.

கடலோடி (நாகப்பட்டினம்)

போச்சு, போனஸ் போச்சு. ஆன்லைன்ல கட்டியாச்சு.

கடைசியா ஒண்ணு. அடுத்த கப்பல் எப்ப வேணா வரலாம். திரும்ப இதே கதை நடக்காம என்ன பண்ணிட்டுப் போகணும்? அப்பா செய்ய முடியற மாதிரி சொல்லுங்க.

பட்டறை_அண்ணன் (திருச்சி)

அப்பா செய்ய ஒண்ணுமே இல்லாத மாதிரி வச்சுட்டுப் போங்க, அதான் நல்லது.

கிளம்பறதுக்கு முந்தின நாள் நல்லா சூடேற ஓட்டிட்டு வந்து டேங்க்கை நிரப்புங்க. உள்ள காத்து எவ்வளவு குறையுதோ அவ்வளவுக்குத் துருவும் தண்ணியும் குறையும். டேப்பை ஆஃப் பண்ணிட்டு எஞ்சினை ஓட விடுங்க, கிண்ணம் காலியாகி தானா நிக்கும். அப்பவும் அடியில கொஞ்சம் தங்கும், அதை டிரெய்ன் ஸ்க்ரூ வழியா இறக்கிடுங்க. இது ஒண்ணைச் செஞ்சாலே ஜெட் தப்பிச்சுடும். பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வைங்க. மாசத்துக்கு ஒரு நாள் யாரையாவது சார்ஜ் போடச் சொல்லுங்க. சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்துங்க. செயின், ஸ்போக்ஸ், நிக்கல் பூச்சு எல்லாத்துலயும் ஆயில் துணியால ஒரு கை ஓட்டுங்க, டிஸ்க் பக்கம் மட்டும் போகாதீங்க. சைலன்சர் ஆறினதும் வாயைத் துணியால அடைங்க, குளவி மண்கூடு கட்டும். தார்ப்பாய் வேணாம், அது ஈரத்தை உள்ள பூட்டி வைக்குது. பழைய காட்டன் போர்வை போதும்.

கடலோடி (நாகப்பட்டினம்)

அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "சாவியையும் எடுத்துட்டுப் போயிடு, இருந்தா கை சும்மா இருக்காது"ன்னார்.

மஞ்சநோட்டீஸ் (சேலம்)

நானும் என் வண்டியோட டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். உஸ்னுச்சு. கழுவிப் போட்டதும் 60 வேகத்துக்கு மேல இருந்த மிஸ்ஸிங் (திக்கல்) போயிடுச்சு. ஆனா ஈ20 பத்தி நான் சொன்னது சொன்னதுதான்.